"கல்நெஞ்சுக்காரர்" என்று சொல்லிவிடும் முன்

நரம்பியல் பிரிவில் இதை அடிக்கடி கேட்கிறேன்: "அப்பாவுக்கு இப்போ எதிலயும் ஒட்டுதலே இல்லை டாக்டர், பேரன் பிறந்ததுக்குக்கூடச் சிரிக்கலை, மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருக்கார்." இதைச் சொல்லும்போது அந்த அப்பாவும் பக்கத்திலேயேதான் இருப்பார். தனியாக உட்காரவைத்துப் பேரனைப் பற்றிக் கேட்டால் குரல் தழுதழுக்கும், முகம் மட்டும் அசையாது.

இயல்பிலேயே அழுத்தமான ஆட்கள் உண்டு, இழவு வீட்டிலும் கண்ணீர் விடாமல் ஆகவேண்டியதைப் பார்ப்பவர்கள். அது சுபாவம், விடுங்கள். நான் சொல்வது, கலகலப்பாக இருந்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக முகம் இறுகிப்போனவர்களை. பார்க்கின்சன் நோயில் இப்படி ஆகும். மூளையில் டோபமின் என்ற, உடல் அசைவுகளைச் சீராக்கும் வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதால், நடை தளர்வதைப் போலவே முகத் தசைகளின் அசைவும் குறைகிறது. நாம் நினைக்காமலே வருகிற புன்னகை, புருவ அசைவு, கண் சிமிட்டல் எல்லாம் அடங்கிவிடும். "சிரிங்க" என்றால் சிரித்துக் காட்டுவார், தானாக வராது. உள்ளே மகிழ்ச்சி, கோபம், துக்கம் எல்லாம் இருக்கும்.

கை நடுங்கவில்லையே என்பார்கள். நடுக்கமே இல்லாமலும் இந்த நோய் வரும். வாசனை தெரியாமல் போவது, நடக்கும்போது ஒரு கை வீசாதது, கையெழுத்து சிறுத்துப்போவது, குரல் தணிவது, தீராத மலச்சிக்கல், தூக்கத்தில் கத்துவது அல்லது கைகால்களை உதறுவது: இவற்றில் சில சேர்ந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

மனச்சோர்வு, தைராய்டு குறைவு இரண்டிலும் முகம் களையிழக்கும். அப்புறம் மாத்திரைகள், இதைப் பலர் யோசிப்பதே இல்லை: தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ஃப்ளூனரிசின், வாந்திக்கான மெட்டோக்ளோப்ரமைடு, மனநோய்க்கான சில மருந்துகள் எல்லாம் பார்க்கின்சன் போன்ற நிலையை உண்டாக்கக்கூடும், முக்கியமாக வயதானவர்களுக்கு, மருத்துவர் சீட்டு இல்லாமல் மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டால். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு வந்து காட்டுங்கள்.

வீட்டில் அவர் முகத்தைப் பார்த்து முடிவுகட்டாமல், "சந்தோஷமா இருக்கீங்களாப்பா, வலிக்குதா" என்று வாய்விட்டுக் கேளுங்கள், பதில் வர நேரம் கொடுங்கள். பழைய கல்யாண வீடியோ ஏதாவது செல்போனில் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், முகம் எப்போதிலிருந்து மாறியது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு அது ரொம்பவே உதவும்.