விற்ற பணம் எத்தனை நாளில் கைக்கு வருகிறது?

"லாபம் இருக்குன்னு காட்டுறீங்க சார், பேங்க்ல பணம் இல்லையே?"

ஆண்டுக் கணக்கை முடித்துக் கையில் கொடுக்கும்போது இந்தக் கேள்வி என் காதில் விழாத வருடம் இல்லை. கேட்பவர் நன்றாக வியாபாரம் செய்கிறவராகத்தான் இருப்பார். சரக்கு போய்விட்டது, பில் போட்டாயிற்று, லாபம் கணக்கில் ஏறிவிட்டது, பல நேரம் அதற்கான வரியையும் கட்டியாகிவிட்டது. பணம் மட்டும் இன்னும் வாடிக்கையாளரிடம் இருக்கிறது. அது வந்து சேரும்வரை அவர் தொழிலுக்கு நாம் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறோம். நம் தொழிலை ஓட்ட வங்கியில் வட்டிக்கு வாங்குகிறோம்.

பாக்கி எவ்வளவு என்று கேட்டால் எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். அது சராசரியாக எத்தனை நாளில் வருகிறது என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை. கணக்கு எளிது. ஆண்டின் நிகரக் கடன் விற்பனையை, அதாவது கடனுக்கு விற்றதில் திரும்பி வந்த சரக்கையும் தள்ளுபடியையும் கழித்த தொகையை, சராசரி பாக்கியால் வகுக்க வேண்டும். கடன் விற்பனை 240 லட்சம், ஆண்டு தொடக்கத்தில் பாக்கி 35 லட்சம், முடிவில் 45 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 40 லட்சம். 240-ஐ 40-ஆல் வகுத்தால் 6. பாக்கி வருடத்துக்கு 6 முறை சுழல்கிறது. 365-ஐ 6-ஆல் வகுத்தால் சுமார் 61 நாள். பில்லில் 30 நாள் கெடு என்று அச்சடித்திருப்போம். உண்மையில் 61 நாள் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த 61-ஐ 45 ஆக்கினால் என்ன கிடைக்கும்? ஒரு நாள் கடன் விற்பனை சுமார் 66 ஆயிரம். 16 நாள் குறைந்தால் ஏறக்குறைய பத்தரை லட்சம் கையில் வந்து நிற்கும். ஒரு சரக்குகூடக் கூடுதலாக விற்காமல், ஒரு புதுக் கடனும் வாங்காமல் வரும் பணம் இது. இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினால் போதும், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

கணக்குப் போடும்போது சில இடங்களில் கால் வழுக்கும். ரொக்க விற்பனையையும் சேர்த்துவிட்டால் நாள் குறைந்து அழகாகத் தெரியும். அந்த அழகு பொய். அடுத்தது பில்லில் சேர்க்கும் வரி. லெட்ஜரில் (கணக்குப் பேரேட்டில்) பாக்கி வரியோடு சேர்ந்து நிற்கும், விற்பனைக் கணக்கில் வரி இருக்காது. வரி 10 சதவீதம் என்றால் நாள் கணக்கும் 10 சதவீதம் ஊதித் தெரியும். இரண்டு பக்கமும் வரியோடு எடுங்கள், அல்லது இரண்டு பக்கமும் வரி இல்லாமல் எடுங்கள். வாடிக்கையாளர் கொடுத்த முன்பணத்தைப் பாக்கியில் கழித்துக் காட்டுவதும் நடக்கிறது. ஒருவர் கொடுத்த முன்பணம் இன்னொருவர் பாக்கியை அடைக்காது.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் சராசரியிலேயே இருக்கிறது. ஆண்டு முடிவின் பாக்கி 45 லட்சத்தை மட்டும் எடுத்தால் ஆண்டுச் சூத்திரம் 68 நாள் என்று சொல்லும். இப்போது அந்தப் பாக்கியிலிருந்து மாத விற்பனையை, கடைசி மாதத்தில் தொடங்கிப் பின்னோக்கிக் கழித்துப் பாருங்கள். கடைசி மாதம் 30 லட்சம், அதற்கு முந்தைய மாதம் 25 லட்சம் விற்றிருந்தால், 45-இல் 30 போக (அது கடைசி மாதத்தின் 30 நாள்) மீதி 15; அது 25 லட்ச மாதத்தில் 18 நாள். மொத்தம் 48 நாள். அதே 240 லட்ச ஆண்டு விற்பனையில் கடைசி நான்கு மாதங்கள் மந்தமாகி, பின்னிருந்து 12, 10, 10, 10 லட்சம், அதற்கும் முந்தைய மாதம் 15 லட்சம் என்று இருந்தால்? நான்கு மாதத்தில் 42 லட்சம் போய்விடும். மீதி 3 லட்சத்துக்கு ஐந்தாவது மாதத்தில் 6 நாள். மொத்தம் 126 நாள்! ஆண்டுச் சூத்திரம் இருவருக்கும் 68 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். சீசன் வியாபாரம் செய்கிறவர்கள் ஆண்டுச் சூத்திரத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

எனக்கு மிகவும் பயன்படுவது இன்னொரு கணக்கு. மாதத் தொடக்கத்தில் பாக்கி 40 லட்சம், மாத விற்பனை 20 லட்சம், மாத முடிவில் பாக்கி 42 லட்சம். அந்த 42-இல் கெடு இன்னும் வராதது 18 லட்சம். அந்த மாதம் வசூலித்திருக்கக்கூடியது, தொடக்கப் பாக்கியும் மாத விற்பனையும் சேர்ந்த 60-இல் 18 போக 42 லட்சம். வசூலானது 60-இல் முடிவுப் பாக்கி 42 போக 18 லட்சம். வசூலித்திருக்கக்கூடிய 42-இல் வசூலானது 18 என்பதால் வசூல் திறன் 43 சதவீதம். விற்பனை ஏறினாலும் இறங்கினாலும் இந்த எண் அவ்வளவாக ஏமாறாது. கேட்கவேண்டிய பணத்தைக் கேட்டு வாங்கினோமா என்பதற்கு மட்டும் பதில் சொல்லும்.

பாக்கியை வயது வாரியாகப் பிரித்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 30 நாள் வரை, 60 வரை, 90 வரை, அதற்கு மேல். மென்பொருளே ஒரு நொடியில் கொடுத்துவிடும். அதை நம்புவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். வந்த பணத்தை எந்தப் பில்லுக்கு என்று குறிக்காமல் மொத்தமாக 'ஆன் அக்கவுண்ட்' என்று வரவு வைத்திருந்தால், தீர்ந்துபோன பில் எல்லாம் 200 நாள் பாக்கியாக நிற்கும். உண்மையான பாக்கி அந்தக் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தில் 90 நாளுக்கு மேற்பட்ட பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வரியில் ஒரே பார்ட்டி, மூன்று பில். "அவங்க எப்பவுமே இழுப்பாங்க சார்" என்றார் கணக்கர். நாமே ஒருமுறை கேட்டுவிடலாம் என்று அந்தப் பார்ட்டியின் கணக்குப் பிரிவுக்கு போன் போடச் சொன்னேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று பில்லிலும் பர்ச்சேஸ் ஆர்டர் எண், அதாவது அவர்கள் கொடுத்த கொள்முதல் ஆணையின் எண், இல்லையாம். அவர்கள் சிஸ்டம் ஏற்கவில்லையாம். நான்கு மாதத்துக்கு முன்பே மெயில் அனுப்பியிருக்கிறார்கள். அந்த மெயில் வேலையை விட்டுப் போன ஒரு விற்பனைப் பிரதிநிதியின் முகவரிக்குப் போயிருந்தது. இழுத்தது யார்?

அன்றிலிருந்து பழைய பாக்கி ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் எழுதச் சொல்கிறேன். விலை வித்தியாசம், சரக்குக் குறைவு, பில்லில் பிழை, தர வேண்டிய கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) தரவில்லை, டெலிவரி கையெழுத்து இல்லை என்று வரிசையாக வரும். பணம் இல்லாமல் திண்டாடுகிறவர்கள், கொடுக்க மனமில்லாதவர்கள் பட்டியலில் இருப்பார்கள்தான். நம் மேஜையிலேயே சரிசெய்யக்கூடியவற்றை எடுத்துவிட்ட பிறகு அவர்களை அடையாளம் காண்பது சுலபம். அவர்களிடம் கண்டிப்பாகப் பேசலாம், சரக்கை நிறுத்தலாம். நம் பிழையை வைத்துக்கொண்டு கண்டிப்புக் காட்டினால் நல்ல வாடிக்கையாளரும் முகம் சுளித்துப் போய்விடுவார்.

சீக்கிரம் கட்டினால் தள்ளுபடி என்று அறிவிக்க நினைப்பவர்கள் ஒரு நிமிடம் பொறுங்கள். 30 நாள் கெடுவில் 10 நாளுக்குள் கட்டினால் 2 சதவீதம் கழிவு என்பது, 20 நாள் முன்னதாகப் பணம் பெற 2 சதவீதம் கொடுப்பது. வருட வட்டியாகப் பார்த்தால் 37 சதவீதத்துக்கும் மேல். வங்கி அதைவிட மலிவாகக் கடன் கொடுக்கும். தவிர, 25-ஆம் நாள் கட்டிவிட்டு 2 சதவீதத்தையும் கழித்துக்கொள்கிற பார்ட்டிகளும் உண்டு. அந்தச் சில்லறைப் பாக்கி லெட்ஜரில் வருடக்கணக்காகத் தொங்கும்.

வராக்கடனின் எடையையும் சொல்லிவிடுகிறேன். லாப விகிதம் 10 சதவீதமாக இருக்கும் தொழிலில் 1 லட்சம் வராமல் போனால், அதை ஈடுகட்ட 10 லட்சத்துக்குப் புதிதாக விற்க வேண்டும். 120 நாள் பாக்கி வைத்திருப்பவர் மறுபடி ஆர்டர் கொடுக்கும்போது, விற்பனைப் பிரிவு மகிழ்ச்சியோடு லாரியில் ஏற்றுவதற்கு முன் இதை யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். ஏற்றாதே என்று சொல்லும் அதிகாரமும் அவருக்கு இருக்க வேண்டும்.

அந்த மூன்று பில் நிறுவனம் இப்போது ஒரு தாள் வைத்திருக்கிறது. ஒவ்வொரு பில்லுக்கும் நான்கு தேதிகள்: சரக்கு கிளம்பியது, பில் கிளம்பியது, வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவு பில்லை ஏற்றது, பணம் வந்தது. முதல் மாதத் தாளைக் கூட்டிப் பார்த்தபோது முதல் தேதிக்கும் மூன்றாவது தேதிக்கும் இடையிலேயே சராசரியாக 19 நாள் போயிருந்தது.