ஆத்தங்குடித் தரையும் ஔலிச் சரிவும்

காரைக்குடியில் பல்லவன் ஏறிச் சென்னை, அங்கிருந்து டெல்லி, பிறகு ரிஷிகேஷ், பிறகு மலைப்பாதையில் கிட்டத்தட்ட 250 கிலோமீட்டர் சுற்றிச் சுற்றி ஏறி ஜோஷிமட். அதற்கும் மேலே, உத்தராகண்ட் இமயமலையில் ஔலி. எங்கள் ஊர் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் பதினான்கு பேர் பனிச்சறுக்கு பழகக் கிளம்பினார்கள்; துணைக்கு நானும் போனேன். கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரு பழைய வீட்டு வளவில் உட்கார்ந்து, எதையெல்லாம் எடுத்துப்போவது என்று எழுதிக்கொண்டிருந்தோம். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பெண் ஒருத்தி தரையைக் கையால் தடவிக்கொண்டே கேட்டாள்: "சார், இந்த ஆத்தங்குடிக் கல்லும் கண்ணாடி மாதிரிதான் இருக்கு. இதுல நடக்குறோம், ஓடுறோம், ஒன்னும் ஆகல. ஐஸ் மட்டும் ஏன் சார் வழுக்குது?"

பனிச்சறுக்கு முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிப் பலகையின் மேல்தான் வார்க்கிறார்கள். வண்ணச் சிமெண்டைக் கண்ணாடியில் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, பிறகு தண்ணீரில் ஊறவிடுவார்கள். கண்ணாடியை ஒட்டிக்கிடந்த பக்கம்தான் நாம் மிதிக்கும் பக்கம். ஆக, வழவழப்பில் அதற்கு ஒரு குறையும் இல்லை. வழவழப்பு மட்டுமே வழுக்கலுக்குக் காரணம் என்றால் செட்டிநாட்டில் யாரும் வீட்டுக்குள் நடமாடியிருக்க முடியாது.

அடி தட்டையான எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். காய்ந்த தரையில் தள்ளியதும் இரண்டு முழம் போய் நின்றது. தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் தேய்த்துவிட்டு அதே வேகத்தில் தள்ளினோம். எதிர்த் தூணில் போய் மோதியது. இரண்டு தடவையும் தரையும் தட்டும் ஒன்றுதான். நடுவில் ஈரம் வந்தது மட்டுமே மாற்றம். முற்றத்தில் மழைச்சாரல் அடிக்கும்போது "பாத்து வா ஆத்தா, வழுக்கும்" என்று பெரியவர்கள் சொல்வதும் இதனால்தான்.

சரி, மலையில் மைனஸ் எட்டு டிகிரிக் குளிரில் தண்ணீரைத் தெளிப்பது யார்?

பல பள்ளிக்கூடங்களில் சொல்லித்தந்த பதில்: அழுத்தம். அழுத்தினால் பனிக்கட்டியின் உருகுநிலை இறங்கும், ஆகவே ஆள் ஏறி நின்றதும் அடியில் உள்ள பனி உருகிவிடும் என்பார்கள். அழுத்தினால் உருகுநிலை இறங்குவது உண்மைதான். எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஒரு டிகிரி இறக்க வேண்டுமானால் ஏறத்தாழ 135 வளிமண்டல அழுத்தம் வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவர், ஒன்றரை மீட்டர் நீளமும் எட்டு சென்டிமீட்டர் அகலமும் உள்ள, காலில் மாட்டிச் சறுக்கும் இரண்டு ஸ்கீ பலகைகளில் நின்றால் பனிமேல் விழும் அழுத்தம் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் நாற்பதில் ஒரு பங்கு. அதனால் இறங்கும் உருகுநிலை ஒரு டிகிரியில் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு. பலகை முழுவதும் பனியைத் தொடுவதில்லை, பனிமணிகளின் உச்சிகளை மட்டுமே தொடுகிறது. தொடும் பரப்பு நூற்றில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொண்டாலும் டிகிரியில் நூற்றில் இரண்டு பங்குதான் வரும். மைனஸ் எட்டில் இது எந்த மூலைக்கு?

இன்னொரு பதில் மைக்கேல் ஃபாரடேயிடமிருந்து வந்தது. இரண்டு பனிக்கட்டிகளைச் சேர்த்து வைத்தால் ஒன்றாக ஒட்டிக்கொள்வதை 1850இல் லண்டனில் காட்டிய அவர், பனிக்கட்டியின் மேல்தோல் எப்போதும் மெல்லிய நீராகவே இருக்கிறது என்றார். உள்ளே இருக்கும் மூலக்கூறை எல்லாப் பக்கமும் அண்டை மூலக்கூறுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மேலே இருப்பதற்கு மேல்பக்கம் பிடிக்க ஆளில்லை. அது ஆடிக்கொண்டும் இடம் மாறிக்கொண்டும் இருக்கும். இந்தத் தளர்ந்த தோல் உண்மையிலேயே இருப்பதைப் பின்னாளைய கருவிகள் உறுதிப்படுத்தின. ஆனால் அது மிக மெல்லியது, குளிர் ஏற ஏற இன்னும் மெலியும். நாம் அசையாமல் நிற்கும்போதே கால் வழுக்குவதில் அதற்குப் பங்கு உண்டு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் பலகையை அது மட்டும் தாங்காது.

மிச்ச வேலையைச் செய்வது உராய்வு. இதை 1939இல் பௌடன், ஹியூஸ் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சுவிட்சர்லாந்து மலை உச்சி ஆய்வுநிலையத்தில் சோதித்துச் சொன்னார்கள். பலகை பனியில் உரசும்போது வெப்பம் பிறக்கிறது, அந்த வெப்பமே பனிமணிகளின் உச்சியை உருக்குகிறது. இதற்கு அவர்கள் கண்ட சான்று எனக்கு மிகவும் பிடித்தது. பித்தளையால் செய்த சறுக்கியை விட, எபனைட் என்ற கெட்டி ரப்பரால் செய்த சறுக்கி எளிதாக வழுக்கியது. பித்தளை வெப்பத்தை உறிஞ்சிக் கடத்திவிடும். அது உருக்க வேண்டிய இடத்தில் நிற்காது. எபனைட் வெப்பத்தை விடாமல் அடியிலேயே வைத்திருக்கும். காபி டம்ளரைத் துண்டு சுற்றிப் பிடிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எவ்வளவு வெப்பம்? பனியில் பலகையின் உராய்வு எண், அதாவது எடையில் எத்தனை பங்கு உராய்வாக இழுக்கிறது என்பது, சுமார் 0.05. 60 கிலோ ஆள் மணிக்கு 36 கிலோமீட்டரில் இறங்கினால் உராய்வில் பிறப்பது ஏறக்குறைய 300 வாட். வீட்டில் இரண்டு டேபிள் டாப் கிரைண்டர் ஓடும் அளவு. அத்தனையும் உருக்கவே பயன்பட்டால் விநாடிக்குக் கிட்டத்தட்ட ஒரு கிராம் பனி தண்ணீராகும். பெரும்பகுதி பனிக்குள்ளும் பலகைக்குள்ளும் போய்விடுகிறது, ஆனாலும் போதும். தேவைப்படும் நீர்ப்படலத்தின் தடிமன் ஒரு மைக்ரானோ அதற்கும் குறைவோதான். தலைமுடி அதைப்போல எழுபது மடங்கு தடிமன். பலகையின் மூக்குப்பகுதி காய்ந்த பனியில் உரசிச் சூடாக்கிக்கொடுக்க, வால்பகுதி அந்த ஈரத்தின்மேல் ஓடுகிறது. சறுக்குகிறவர் தன் பாதையைத் தானே நனைத்துக்கொண்டு போகிறார்.

தூணில் மோதிய தட்டை நினைத்துக்கொண்டே முதல் நாள் சரிவில் நின்றேன். நந்தாதேவிச் சிகரம் எதிரே வெயிலில் பளீரென்று இருந்தது. பிள்ளைகளால் முதல் அடி நகர முடியவில்லை. நின்ற இடத்தில் பலகையின் அடியிலிருந்த ஈரம் மறுபடி உறைந்து பனியோடு பிடித்துக்கொள்ளும். தேரை நிலையிலிருந்து கிளப்ப ஊரே சேர்ந்து வடம் பிடிக்க வேண்டும், உருளத் தொடங்கிவிட்டால் அவ்வளவு பலம் வேண்டாம் என்பது நமக்குத் தெரியும். இங்கேயும் அப்படித்தான். பயிற்சியாளர் பலகையை முன்னும் பின்னும் இரண்டு தேய்ப்புத் தேய்த்துக் காட்டினார். நகர்ந்துவிட்டது.

குளிர் அதிகமானால் வழுக்கல் கூடும் என்று நாம் நினைப்போம். அப்படியில்லை. பனிக்கட்டியின்மேல் எஃகு உருண்டையைத் தேய்த்துச் செய்த சோதனைகளில் மைனஸ் ஏழு டிகிரிப் பக்கத்தில்தான் உராய்வு மிகக் குறைவாக இருந்தது. அதைவிட மிகவும் குளிர்ந்தால் உராய்வின் வெப்பம் உருக்கப் போதாமல் போகும். தென்துருவப் பயணத்தில் ஸ்லெட்ஜ் இழுத்தவர்கள், கடுங்குளிர் நாட்களில் மணலில் இழுப்பதுபோல இருந்தது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பூஜ்யத்தை நெருங்கினால் வேறு தொல்லை. தண்ணீர் மிகுந்து பலகைக்கும் பனிக்கும் நடுவே உள்ள சந்துகளையெல்லாம் நிரப்பிவிடும். நடுவில் தண்ணீர் விட்ட இரண்டு கண்ணாடித் துண்டுகளைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பிடி தெரியும். பலகையையும் பனி அப்படிக் கவ்வும். அதைத் தடுக்கத்தான் பலகையின் அடியில் நீளவாட்டில் மெல்லிய கோடுகள் கீறியிருக்கிறார்கள். கோடு வழியாகத் தண்ணீரும் காற்றும் போய்வரும், கவ்வல் விடும்.

பலகையின் அடித்தோல் பாலிஎதிலீன். பால் பாக்கெட்டின் உறையும் அதே குடும்பம்தான், இதில் மூலக்கூறுச் சங்கிலிகள் மிக மிக நீளம். தண்ணீர் ஒட்டாது, வெப்பம் கடத்தாது. பௌடனும் ஹியூஸும் கேட்ட குணம். அதன்மேல் மெழுகு தேய்ப்பார்கள். எந்த மெழுகு என்பதில்தான் கைப்பக்குவம். எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி தேங்காய் எண்ணெய் பாட்டில் கொண்டுவந்திருந்தான். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். தை மாத விடியலில் காரைக்குடியிலேயே மங்கலாகக் கட்டும். ஔலி 2,500 மீட்டரிலிருந்து 3,000 மீட்டர் வரை உயரம், ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி குறையும். அங்கே அந்தப் பாட்டில் கல்லாகக் கிடந்தது. மெழுகும் அப்படி ஆளுக்கொரு குணம். கடுங்குளிரில் பனிமணிகள் கூர்மையாக, முரடாக இருக்கும். மெழுகு மென்மையாக இருந்தால் அதில் குத்திக்கொள்ளும், அதனால் கடினமான மெழுகு. வெயிலேறிய ஈரப்பனிக்கு மென்மையான மெழுகு. முன்பு பந்தயங்களில் ஃப்ளூரின் சேர்த்த மெழுகு தேய்த்தார்கள், நீரை இன்னும் நன்றாகத் தள்ளும். அது மண்ணிலும் தண்ணீரிலும் சிதையாமல் தங்கிவிடுவதால் சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023-24 பருவத்திலிருந்து முழுவதும் தடை செய்தது. நல்ல முடிவு. அந்தப் பனிதான் உருகிக் கீழே இருப்பவர்களின் குடிநீராகிறது.

வழுக்குவது புரிந்தால் நிற்பதும் புரியும். பத்து டிகிரிச் சாய்வு என்பது நம் ஓட்டுக் கூரைச் சாய்வில் பாதிகூட இல்லை. அதில் ஒன்றும் செய்யாமல் விட்டால் பத்து விநாடியில் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். பிரேக் என்று தனியாக எதுவும் கிடையாது. பல தேர்களுக்கும் கிடையாது; சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கொடுத்துத்தான் நிறுத்துகிறார்கள், அதையே ஒரு பக்கம் கொடுத்துத்தான் திருப்புகிறார்கள். பனிச்சறுக்கில் பலகையே முட்டுக்கட்டை. முன்முனைகளைச் சேர்த்துப் பின்முனைகளை விரித்து, உள்பக்க எஃகு விளிம்பால் பனியை அழுத்த வேண்டும். கவட்டையைத் தலைகீழாகப் பிடித்த வடிவம். இப்போது பலகை ஈரத்தின்மேல் ஓடவில்லை, பனியை உழுது தள்ளுகிறது. வேகமெல்லாம் பனியை உடைப்பதிலும் ஒதுக்குவதிலும் செலவாகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 60 கிலோ ஆளின் ஆற்றல் முழுவதும் வெப்பமானாலும் சுமார் 11 கிராம் பனியை உருக்கத்தான் காணும். ஒரு கைக்குட்டை நனையாது.

இடப்பக்கம் திரும்புவதற்கு வலது காலில் எடையைக் கூட்டினால் போதும். கவட்டை வடிவில் வலது பலகை இடப்பக்கம் பார்த்திருக்கிறது, அது சொன்ன பக்கம் உடம்பு போகும். கை பழகியவர்கள் இரண்டு பலகையையும் ஒன்றாகச் சாய்ப்பார்கள். பலகை இடுப்பில் ஒடுங்கி இரு முனையிலும் அகன்றிருப்பதால், சாய்த்ததும் நடுப்பகுதி வளைந்து இறங்கி, விளிம்பு பனியில் ஒரு வில்லைக் கீறும். எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு சின்ன வட்டம்.

நடுவில் ஒரு வார்த்தை: கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகாதீர்கள். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அடிக்கும். மேகம் மூடிய நாளிலும் கண் வெந்துபோகும். காற்று கடல்மட்டத்தில் இருப்பதில் 70 விழுக்காடுதான், முதல் நாள் மூச்சிரைப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பயிற்சியாளர் தினமும் காலையில் ஒரு காரியம் செய்வார். கையுறையில் பனியை அள்ளி இறுக்கிப் பிடித்து விரிப்பார். உதிர்ந்தால் காய்ந்த பனி. உருண்டையாக நின்றால் ஈரம் ஏறிவிட்டது. அழுத்தும்போது தண்ணீர் தெரிந்தால் மெழுகை மாற்ற வேண்டும். இதை முதல் தடவை பார்த்ததுமே அந்தப் பெண் சொன்னாள்: "புட்டுக்கு மாவு பிசிறுற மாதிரியே இருக்கு சார்." அதேதான். ஆயா மாவில் தண்ணீர் தெளித்து, பிடித்துப் பார்த்து, உதிர்த்துப் பார்ப்பதுபோலவே.

நான்காம் நாள் மத்தியானம் வெயில் சுள்ளென்று அடித்தது. காலையில் பறந்த பலகைகள் கால்பங்கு தூரத்திலேயே முனகிக்கொண்டு நின்றன. அவள் குனிந்து ஒரு கை பனியை எடுத்துப் பிடித்தாள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது.

"பதம் தாண்டிருச்சு சார். நாளைக்கு விடிகாலையில வந்துருவோம்."