மெட்ரோ ரயிலைத் தமிழில் எப்படிச் சொல்வது?

சென்னைக்காரர்களுக்கு 2015-க்கு முன்பு ‘மெட்ரோ’ என்றால் தண்ணீர்தான். ‘மெட்ரோ லாரி வந்துச்சா?’, ‘ரெண்டு நாளா மெட்ரோ தண்ணி வரல’ என்று குடத்தோடு நின்று பேசிய மெட்ரோவும், இன்று ஆலந்தூரில் படியேறிப் போய்ப் பிடிக்கும் மெட்ரோவும் ஒரே சொல்தான். குடிநீர் வாரியத்தின் ஆங்கிலப் பெயரில் இருக்கும் ‘மெட்ரோபாலிட்டன்’ என்பதை மக்கள் பாதியில் நறுக்கி ‘மெட்ரோ வாட்டர்’ ஆக்கினார்கள். அதே வாரியத்தின் தமிழ்ப் பெயர் ‘சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம்’. இதில் வரும் ‘பெருநகர்’ என்ற சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோவுக்குத் தமிழ் தேடும்போது அது வேண்டியிருக்கும்.

முதலில் மெட்ரோவின் பூர்வீகம். கிரேக்கத்தில் ‘மேத்தேர்’ என்றால் தாய், ‘பொலிஸ்’ என்றால் நகரம். இரண்டும் சேர்ந்தது ‘மெத்ரோபொலிஸ்’, அதாவது தாய்நகரம். பழைய கிரேக்கர்கள் கடல் கடந்து புதிய ஊர்களில் குடியேறினார்கள். புறப்பட்டுப் போன ஊர், குடியேறிய ஊருக்குத் தாய்நகரம். சிசிலித் தீவில் இருக்கும் சிரக்கூசாவுக்குத் தாய்நகரம் கொரிந்து. ஆக, இந்தச் சொல் முதலில் ஊரின் பரப்பையோ மக்கள் தொகையையோ குறிக்கவில்லை. ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் இருந்த உறவைக் குறித்தது. மீட்டர், மெட்ரிக் அளவு என்பவற்றோடு இதைச் சேர்க்க வேண்டாம். அவை அளவு என்று பொருள்படும் ‘மெத்ரோன்’ என்ற வேறு கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை.

பிறகு கிறிஸ்தவம் பரவியபோது, ஒரு மாகாணத்தின் தலைமை நகரத்தில் இருந்த ஆயரை அந்த நகரத்தை வைத்தே அழைத்தார்கள். அந்தப் பட்டம் சிரியாக் மொழி வழியாகக் கேரளத்துக்கு வந்தது. அங்கே ‘மெத்ராப்போலீத்தா’ என்றும் ‘மெத்ரான்’ என்றும் இன்றும் வழங்குகிறது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் ஒரு காலத்தில் ஆயரை ‘மேற்றிராணியார்’ என்றும், அவருடைய ஆட்சிப் பரப்பை ‘மேற்றிராசனம்’ என்றும் சொன்னார்கள். பழைய தேவாலயக் கல்வெட்டுகளிலும் பங்கு ஏடுகளிலும் இந்தச் சொற்களைப் பார்க்கலாம். றகரமும் ணகரமும் போட்டு அசல் தமிழ்ச் சொல் போலவே உட்கார்ந்துவிட்ட ‘மேற்றிராணி’க்குள்ளும் அந்தக் கிரேக்கத் தாய்தான் இருக்கிறாள். ரயிலில் ஏறி வருவதற்கு வெகுகாலம் முன்பே மெட்ரோ தமிழுக்குள் வந்துவிட்டது என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே சிலிர்க்கிறது. அந்தச் சொற்கள் இன்று போய்விட்டன. ‘ஆயர்’, ‘மறைமாவட்டம்’ என்ற தமிழ்ச் சொற்கள் வந்தன, ஊன்றிக்கொண்டன. நன்றாகப் பழகிய கடன்சொல்லைக்கூட மாற்ற முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

சரி, ரயிலுக்கு வருவோம். 1863 ஜனவரி 10 அன்று லண்டனில் பாடிங்டனுக்கும் ஃபாரிங்டன் தெருவுக்கும் இடையே சுமார் 6 கிலோமீட்டருக்கு ஒரு ரயில் ஓடத் தொடங்கியது. அதுதான் உலகின் முதல் நிலத்தடிப் பயணிகள் ரயில். அதை நடத்திய கம்பெனியின் பெயர் ‘மெட்ரோபாலிட்டன் ரயில்வே’. பெரும்பகுதிக்குச் சாலையை மேலிருந்தே தோண்டி, பாதை போட்டு, வளைவு கட்டி மூடினார்கள். மின்சாரம் வராத காலம்; மரப் பெட்டிகளுக்குள் எரிவாயு விளக்கு எரிய, நீராவி எஞ்சின் இழுத்துக்கொண்டு போனது. சுரங்கம் முழுக்கப் புகை. அப்படியிருந்தும் முதல் நாளிலேயே ஏறத்தாழ 38,000 பேர் ஏறினார்கள். இந்தத் திட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் மன்றாடியவர் சார்லஸ் பியர்சன் என்ற வழக்கறிஞர். ரயில் ஓடுவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1862-இல் இறந்துபோனார்.

இவ்வளவு புதுமையான சுரங்கத்தைத் தோண்டிய கம்பெனி, தன் பெயரில் சுரங்கத்தைச் சொல்லவில்லை. ‘இது தலைநகரின் ரயில், பெருநகரத்தின் ரயில்’ என்றுதான் பெயர் வைத்துக்கொண்டது. தமிழில் சொல் தேடும்போது இந்த இடத்தில்தான் பலர் தடம் மாறிவிடுகிறார்கள்.

அந்தப் பெயரைக் குறுக்கிய பெருமை பாரிஸுக்கு. 1900 ஜூலை 19 அன்று, உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்த நேரத்தில், பாரிஸின் முதல் வழித்தடம் திறந்தது. அதை நடத்திய நிறுவனத்தின் பெயரிலும் ‘மெத்ரோபொலித்தேன்’ என்ற அதே அடைமொழி இருந்தது. எக்தர் கிமார் வடிவமைத்த நிலைய வாசல்கள் சில இன்னும் இருக்கின்றன. கொடி படர்ந்ததுபோல் வளைந்து நிற்கும் பச்சை இரும்புத் தூண்களுக்கு மேலே அந்த முழுப் பெயரும் வளைந்து நெளிந்த எழுத்தில் எழுதியிருக்கும். அதன் கீழே படியிறங்கிப் போகிறவர்கள் முழுப் பெயரையும் சொல்வார்களா? ‘மெத்ரோ’ என்றார்கள். அந்தக் குறுக்கம்தான் 1919-இல் மத்ரித்துக்கும், 1935-இல் மாஸ்கோவுக்கும், அப்புறம் 1984-இல் கொல்கத்தாவுக்கும், 2002-இல் டெல்லிக்கும் போனது. லண்டன்காரர்கள் மட்டும் ‘அண்டர்கிரவுண்ட்’ என்றும் ‘டியூப்’ என்றும் சொல்லிக்கொண்டார்கள். அங்கே ‘மெட்ரோபாலிட்டன்’ என்பது அந்த அமைப்பில் உள்ள ஒரே ஒரு வழித்தடத்தின் பெயராக மட்டும் நிலைத்திருக்கிறது.

உலகம் முழுக்க இந்த ரயிலுக்குப் பெயர் வைத்த முறைகளைப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். சில ஊர்கள் ரயில் எங்கே ஓடுகிறது என்பதை வைத்துப் பெயரிட்டன. புடாபெஸ்டும் பெர்லினும் ‘நிலத்தடி’ என்றன. நியூயார்க்குக்கு ‘சப்வே’. ஜப்பானியரும் சீனரும் சொல்வது ‘நிலத்தடி இரும்புப்பாதை’. கொல்கத்தாவில் வழங்கும் ‘பாதாள ரயில்’ என்ற பேச்சு வழக்கும் இந்த வகைதான். சிங்கப்பூர், ரயில் எப்படி ஓடுகிறது என்பதைப் பெயரில் வைத்தது. தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் அந்த நாட்டில் ‘பெருவிரைவு ரயில்’ என்ற அழகான தமிழ்ச் சொல் புழங்குகிறது. மூன்றாவது வகை, யாருடைய ரயில், எந்தப் பரப்புக்கான ரயில் என்று சொல்வது. மெட்ரோ இந்த மூன்றாவது வகை.

ஆகவே ‘சுரங்க ரயில்’ என்று மெட்ரோவைத் தமிழாக்குவது பொருந்தாது. சென்னையில் 2015 ஜூன் 29 அன்று முதலில் திறந்த கோயம்பேடு–ஆலந்தூர்ப் பகுதி முழுவதும் தூண்களின் மேல் ஓடுவது. சுரங்கத்துக்குள் பயணிகள் போனது 2017 மே மாதத்தில், திருமங்கலம்–நேரு பூங்கா பகுதி திறந்தபோதுதான். ‘சுரங்க ரயில்’ என்று பெயர் வைத்திருந்தால் முதல் இரண்டு வருடம் சுரங்கமே இல்லாமல் ஓடியிருக்கும். அப்புறம், ‘சுரங்கப்பாதை’ என்றாலே நமக்குச் சாலையைக் கடக்க இறங்கும் வழிதான் நினைவுக்கு வரும்.

இடத்தை வைத்து மக்களே சூட்டிய பெயர் ஒன்று நம்மிடம் உண்டு: ‘பறக்கும் ரயில்’. கடற்கரையிலிருந்து வேளச்சேரி போகும் ரயிலுக்கு 1990-களில் விழுந்த பெயர். எனக்கு மிகப் பிடித்த தமிழ்ச் சொல்லாக்கங்களில் ஒன்று. ஆனாலும் மெட்ரோவுக்கு அது ஆகாது. அது ஏற்கெனவே ஒரு குறிப்பிட்ட ரயிலின் பெயர். மெட்ரோவோ கோயம்பேட்டில் பறந்து, அண்ணாசாலையில் மண்ணுக்குள் போகிறது.

நேர்ச்சொல்லாகத் ‘தாய்நகர் ரயில்’ என்று சொல்லலாமா? வேண்டாம். தமிழ் மனம் தலைமை ஊரை உடம்பின் தலையாகப் பார்த்துத் ‘தலைநகர்’ என்றது. கிரேக்கர் பார்த்த தாயுறவு இங்கே ஒட்டாது. ‘மெட்ரோபாலிட்டன்’ என்ற ஆங்கிலச் சொல்லிலேயே அந்தத் தாய் மறைந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

மிஞ்சுவது இரண்டு சொற்கள்: மாநகர், பெருநகர். இரண்டையும் அரசே இந்த ஆங்கிலச் சொல்லுக்கு நேராகப் பயன்படுத்துகிறது. நாம் ஏறும் நகரப் பேருந்தை ஓட்டுவது மாநகரப் போக்குவரத்துக் கழகம். நகரத் திட்டமிடலைப் பார்ப்பது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். நான் பெருநகர் பக்கம். ‘மாநகர்’ என்றதும் ‘மாநகராட்சி’யின் எல்லை நினைவுக்கு வருகிறது. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். பெருநகர்ப் பரப்பு நெடுங்காலம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்து, பிறகு அதுவும் விரிந்தது. மெட்ரோவின் இரண்டாம் கட்ட வழித்தடங்கள் பூந்தமல்லிக்கும் சிறுசேரிக்கும் போகின்றன. இரண்டுமே மாநகராட்சிக்கு வெளியே இருப்பவை. மாநகராட்சி எல்லையோடு நிற்காத ரயிலுக்குப் பெருநகர் என்பதே அளவான சொல்.

இதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. ‘சபர்பன்’ ரயிலை நாம் ‘புறநகர் ரயில்’ என்று எப்போதோ தமிழாக்கிவிட்டோம். 1931-இலிருந்து மின்சாரத்தில் ஓடும் கடற்கரை–தாம்பரம் ரயிலைப் பேச்சில் ‘எலக்ட்ரிக் ட்ரெயின்’ என்பவர்கள்கூட, செய்தியில் ‘புறநகர் ரயில் ரத்து’ என்று படித்தால் ஒரு நொடியும் தடுமாறுவதில்லை. புறநகருக்குப் போவது புறநகர் ரயில் என்றால், பெருநகருக்குள் ஓடுவது பெருநகர் ரயில். சொல் அமைப்பு நம் வீட்டிலேயே தயாராக இருக்கிறது. ‘நகர் ரயில்’ என்று இரண்டு ரகரம் உரசுகிறதே என்று காது நுட்பமுள்ளவர்கள் கேட்கலாம். ‘புறநகர் ரயில்’ என்பதிலும் அதே உரசல்தான், நாக்கு பழகிக்கொண்டது. காஞ்சிபுரம் மாவட்டத்தில், உத்திரமேரூர்ப் பக்கம், ‘பெருநகர்’ என்றே ஒரு பழைய ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

‘நகர்’ என்ற சொல்லும் ஒரே இடத்தில் நின்றதில்லை. சங்கப் பாட்டில் ‘நகர்’ என்றால் பெரும்பாலும் மாளிகை, இல்லம். சில இடங்களில் கோயில். ‘வளநகர்’, ‘நெடுநகர்’ என்று வருமிடத்தில் ஊரை நினைத்துக்கொண்டால் பாட்டே பிடிபடாது.

‘ரயில்’ என்ற பின்பாதிக்கு வந்தால், அதற்கு வண்டி என்ற பொருளே கிடையாது. ஆங்கிலத்தில் அது தண்டவாளம். தண்டவாளத்தின் பெயரை வண்டிக்கு வைத்தது இந்திய மொழிகளின் வழக்கம். சொல்லுக்கு முதலில் ரகரம் வரக் கூடாது என்பதால் ‘இரயில்’ என்று எழுதுவாரும் உண்டு. தமிழாக வேண்டும் என்பவர்களுக்குத் ‘தொடர்வண்டி’ இருக்கிறது. இலங்கையில் ‘தொடருந்து’ வழங்குகிறது. அங்கே நிலையப் பலகைகளில் இருக்கும் ‘புகையிரதம்’ அழகான சொல்தான், ஆனால் புகையே விடாத மெட்ரோவுக்குப் பொருந்தாது. நான் ‘ரயில்’ என்பதை விட்டுவிடச் சொல்லமாட்டேன். அது ஊறிப்போன சொல். முழுத் தமிழாகவே எழுத விரும்புவோர் ‘பெருநகரத் தொடர்வண்டி’ என்று எழுதட்டும்.

பேச்சில் ‘மெட்ரோல வந்துட்டேன்’ என்று சொல்பவரைத் திருத்த வேண்டியதில்லை. மூன்று எழுத்தில் வேலை முடிகிற சொல்லை நாக்கு விடாது. பாடநூல், அறிவிப்புப் பலகை, செய்தி, அரசாணை ஆகிய இடங்களில் பெருநகர் ரயில் வரட்டும். இதே மெட்ரோவில் ‘லைன்’ என்பதற்கு ‘வழித்தடம்’ அப்படித்தான் வந்தது. விமான நிலையம் போவது நீல வழித்தடம், பரங்கிமலை போவது பச்சை வழித்தடம். ‘கோடு’ என்று யாரும் மொழிபெயர்க்கவில்லை. பேருந்தின் ‘தடம் எண்’ ஏற்கெனவே இருந்ததால் வழித்தடம் இயல்பாகப் பொருந்திக்கொண்டது. ‘நடைமேடை’யும் அப்படியே.

எழுதும்போது ஒற்று மிகுவதை மட்டும் கவனியுங்கள். ‘சென்னைப் பெருநகர் ரயில்’ என்பதில் ஐகாரத்துக்குப் பின் ப் மிகும். நாளை மதுரையில் ஓடினாலும் ‘மதுரைப் பெருநகர் ரயில்’, கோவையில் ‘கோவைப் பெருநகர் ரயில்’. தொடர்வண்டி என்று போட்டால் ‘பெருநகரத் தொடர்வண்டி’. அங்கே த் வேண்டும்.