வார்டுக்குள் வந்த கப்பல்

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் ராத்திரி, அம்மா என் கையை இறுகப் பிடித்துக் காதோடு சொன்னார்: "புள்ள, இவங்க என்னய கப்பல்ல ஏத்தப் போறாங்க. அந்த மிஸ் என் பாஸ்போர்ட்ட எடுத்துட்டுப் போயிட்டா. நீயும் அவங்களோட சேந்துட்டியா?"

அம்மாவுக்கு 76 வயது. பீலிக்கரைப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால் டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அவரிடம் பாஸ்போர்ட் என்று ஒன்று வாழ்நாளில் இருந்ததே இல்லை. அவர் சொன்ன "அந்த மிஸ்", வார்டு நர்ஸ், அன்று சாயங்காலம்தான் அவருக்குத் தலை வாரிவிட்டிருந்தார். முந்தாநாள் வரை பேரன் பேத்திகளின் பிறந்தநாளைக்கூட மறக்காதவர், என் முகத்தைப் பார்த்து என்னையே சந்தேகப்பட்டார். பாதுகாப்புக்கு என்று கட்டில் கம்பியோடு அவர் கையைப் பஞ்சுத்துணியால் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு எனக்கு அழுகைதான் வந்தது.

அன்று பகல் முழுக்க அவருடைய விரல்கள் போர்வையைக் கிள்ளிக்கொண்டே இருந்தன. நாற்பது வருஷம் தேயிலைக் கொழுந்தெடுத்த கை என்பதால், ஏதோ மலையில் தேயிலைச் செடி வரிசையில் நிரை பிடித்து நிற்பதாகக் கனவு காண்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நோயாளி போர்வையின் நூலைப் பிடுங்குவதையும் காற்றில் எதையோ துழாவுவதையும் ஹிப்போகிரட்டீஸ் காலத்துக் கிரேக்க மருத்துவர்களே கவனித்து எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அது கொழுந்து அல்ல, ஒரு நோய்க்குறி. அன்று பகலிலேயே நான் வார்டு டொக்டரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த நிலைக்கு மருத்துவத்தில் டெலிரியம் என்று பெயர். ஏர் ஓட்டும்போது சால் தப்பிப் போவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் பேச்சில் சொன்னால் நிரை தப்பிப் போவது. நம்முடைய பழைய சொல் சன்னி. "காய்ச்சல் முத்தி சன்னி கண்டிருச்சு" என்று பாட்டிமார் சொல்வார்களே, அதுதான். தெற்கே சிங்கள மக்கள் முகமூடி கட்டி ஆடும் சன்னி யகும சடங்கில் பதினெட்டு சன்னிப் பேய்கள் வருவதும் இதே சொல்லிலிருந்துதான்.

நம் தோட்டத்து லயத்துப் பக்கம் இதைப் பேய் பிடித்தது, பயந்த கோளாறு என்பார்கள். படித்தவர்கள் "வயசாயிருச்சு, மறதி நோய் வந்திருச்சு" என்பார்கள். இரண்டும் தவறு. மறதி நோய் மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் மெல்ல மெல்ல வருவது. டெலிரியம் மணிக்கணக்கில், மிஞ்சிப்போனால் இரண்டொரு நாளில் வந்து நிற்கும். காலையில் தெளிவாகப் பேசுபவர் பொழுது சாயும்போது வேறு ஆளாக இருப்பார். இந்த ஏற்ற இறக்கமே அதன் முக்கிய அடையாளம். ஆஸ்பத்திரியில் சேரும் முதியவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இது வருகிறது. இடுப்பெலும்பு முறிந்தவர்களில் பாதிப் பேர் வரைக்கும் வரலாம். இவ்வளவு பரவலான ஒன்றைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது?

மூளை நம் உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. சக்தி குறைந்தாலும், இரத்தத்தில் உப்பின் அளவு மாறினாலும், உடலில் எங்கோ கிருமி புகுந்தாலும் அதன் வேலை தடுமாறும். அமெரிக்க மருத்துவர்களான ரொமானோவும் ஏங்கலும் 1940களில் இந்த நோயாளிகளின் மூளை மின் அலைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, குழப்பம் கூடும்போது அலைகள் மெதுவாவதையும், தெளியும்போது பழைய வேகத்துக்குத் திரும்புவதையும் கண்டார்கள். இதயமும் சிறுநீரகமும் செயலிழப்பதைப் போல மூளையும் தற்காலிகமாகத் திணறுகிறது என்று 1959-இல் எழுதினார்கள். எனக்கு மிகப் பெரிய ஆறுதல் தந்த செய்தி இதுதான். அம்மாவின் மனசு என்னை வெறுக்கவில்லை, அவருடைய ஓர் உறுப்பு மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

எலும்பு முறிந்ததும், வெட்டித் தைத்ததும், உடல் அழற்சிப் பொருள்களை இரத்தத்தில் கொட்டுகிறது. வயதான மூளையில் காவலுக்கு இருக்கும் செல்கள் ஏற்கனவே பாதி விழிப்பில் இருப்பவை. அந்தச் செய்தி எட்டியதும் அளவுக்கு மீறிக் கிளர்ந்து நரம்புகளின் வேலையைக் கெடுக்கின்றன. அதோடு, கவனத்தை ஓரிடத்தில் நிறுத்தி வைக்க உதவும் அசெட்டைல்கோலின் என்ற பொருள் குறைந்துபோகிறது. வயதானால் அது இயல்பாகவே குறைவு. சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் குளோர்பெனிரமைன், நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகள் அதன் வேலையை இன்னும் மறிக்கும். இன்னொரு பக்கம் டோபமின் கூடுகிறது. "இது முக்கியம், இதைக் கவனி" என்று மூளைக்கு மணி அடிக்கும் பொருள் அது. அது மிஞ்சினால் ஒன்றுமில்லாததற்கெல்லாம் மணி அடிக்கும். மருந்து வண்டியின் சத்தம், மூலையில் இருவர் பேசும் குசுகுசுப்பு, சேலைன் தொங்கும் கம்பி எல்லாமே தனக்காக வைத்த பொறியாகத் தெரியும்.

சந்தேகம் பிறப்பது இங்கேதான். மூளை எப்போதும் கிடைத்த துண்டுகளை வைத்து ஒரு கதை பின்னிக்கொள்கிறது. கவனம் சிதறியவருக்குத் துண்டுகள் குறைவாகவே கிடைக்கும், ஆனால் பின்னும் வேலை நிற்காது. புது நினைவுகள் பதியாததால், இடைவெளியை நிரப்பப் பழைய நினைவுகளும் பழைய பயங்களும் வந்துவிடுகின்றன.

அம்மாவுக்கு ஏன் கப்பல் வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களுக்கு இடையே சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்திய வம்சாவளி மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை தருவது என்று இரண்டு அரசுகளும் முடிவு செய்தன. பெரியம்மா குடும்பம் எழுபதுகளில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனது. ஸ்டேசனில் அக்காவின் கையை விட்ட கதையை அம்மா எங்களிடம் இரண்டு முறைக்கு மேல் சொன்னதில்லை. ஆனால் மூளை திணறிய அந்த ராத்திரியில், சீருடை போட்டவர்கள், அவர்கள் கையில் இருந்த தாள்கள், சரியாகப் புரியாத மொழி எல்லாம் சேர்ந்து அந்தக் கப்பலை வார்டுக்குள் கொண்டுவந்துவிட்டன. இதே மண்ணில் இன்னொரு தாய்க்கு 1977-ஆம் வருஷக் கலவரத்தின் நெருப்போ 1983 கலவரத்தின் நெருப்போ வரலாம். அவர்கள் சொல்லும் செய்தி பொய்தான். அந்தப் பயம் பொய் இல்லை.

மொழியைப் பற்றி நம் மலைநாட்டில் தனியாகச் சொல்ல வேண்டும். அம்மா சந்தைச் சிங்களம் நன்றாகப் பேசுவார். ஆனால் தாய்மொழி அல்லாத மொழியைப் பிடித்துக்கொள்ளக் கூடுதல் கவனம் வேண்டும், அந்தக் கவனம்தான் இப்போது அவரிடம் இல்லை. கண்ணாடி "தொலைந்துவிடும்" என்று நாங்களே வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டோம். வெளியே மூடுபனி, உள்ளே மங்கிய பல்ப். உச்சிவேளையும் அந்திபோல இருந்தது. தூக்கத்தையும் விழிப்பையும் முறைப்படுத்தும் உடல் கடிகாரத்துக்கு வெளிச்சம்தான் சாவி கொடுக்கிறது. பகலா இரவா என்று தெரியாத, பேச்சுப் புரியாத, முகங்கள் மங்கலாகத் தெரிகிற ஓர் இடத்தில் விழித்தால் யாருக்குத்தான் பயம் வராது?

மறுநாள் காலை ரவுண்ட்ஸில் டொக்டர் அம்மாவிடம் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். ஞாயிறு, சனி என்று தொடங்கி, வெள்ளிக்கு வராமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். மறதியைச் சோதிப்பதற்காக அதைக் கேட்கவில்லை, கவனம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பதற்காகத்தான். அப்புறம் என்னிடம் ஒரே ஒரு கேள்வி: "இதற்கு முன் இப்படி இருந்தாரா?"

அந்தக் கேள்விக்கு இரத்தப் பரிசோதனையில் பதில் இல்லை. அம்மாவின் வழக்கமான நிலை எது என்று வார்டில் யாருக்கும் தெரியாது, வீட்டாருக்குத்தான் தெரியும். "முந்தாநாள் வரை நன்றாக இருந்தார், நேற்றிலிருந்துதான் இப்படி, சாயங்காலம் கூடுகிறது" என்று சொன்னாலே நோயைப் பாதி கண்டுபிடித்துக் கொடுத்த மாதிரி. சிங்களம் வராதவர்கள் கூச்சப்படாமல் யாரையாவது கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். கத்தாமல் பேசாமல் சோர்ந்து கிடப்பவர்களுக்கும் டெலிரியம் இருக்கலாம். அவர்களை "களைப்பு, தூங்கட்டும்" என்று விட்டுவிடுவதால் அதிகம் தவறிப்போவது அந்த வகைதான்.

அம்மாவுக்குக் காரணங்கள் ஒன்றல்ல. சிறுநீர்க் குழாய் வழியாகக் கிருமி ஏறியிருந்தது. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் இப்படி நடக்கலாம். ஐந்து நாளாக மலம் போகவில்லை, வலி மருந்தும் அதற்கு ஒரு காரணம். குழாயை எடுத்த பிறகு படுக்கையில் சட்டி வைக்கச் சொல்ல வெட்கப்பட்டு, தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார். மலையில் ஒதுங்க இடமில்லாமல் நாள் முழுக்க அடக்கியே பழகிய பெண்களுக்கு அது புதிதில்லை. பிரஷருக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும் என்பதால் அதையும் பார்த்தார்கள்.

அப்பாமார் விஷயத்தில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தினமும் குடிப்பவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து குடி திடீரென நின்றால், இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் வியர்வையும் பயங்கரக் காட்சிகளுமாகக் குழப்பம் வரும். அது உயிரைக் கொல்லக்கூடியது, அதற்கான மருந்தும் வேறு. மானம் போகும் என்று குடும்பம் மறைப்பதால் டொக்டர் தவறான திசையில் தேடிக்கொண்டிருப்பார். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் திடீரென நின்றிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டெலிரியத்தைத் தீர்க்கும் மாத்திரை என்று ஒன்று கிடையாது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால் மட்டும் சிறிய அளவில் அமைதிப்படுத்தும் மருந்து கொடுப்பார்கள். குடி நின்றதால் வந்தது தவிர மற்றவற்றில் தூக்க மாத்திரைகள் குழப்பத்தைக் கூட்டவே செய்யும். கையைக் கட்டுவதும் அப்படித்தான், பயத்தைப் பெருக்கும். நான் கூடவே உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொன்ன பிறகு அம்மாவின் கட்டை அவிழ்த்தார்கள். நாற்பது கட்டிலுக்கு இரண்டு மூன்று பேர் ஓடும் வார்டில் அவர்களையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உண்மையில் உதவுவது சாதாரண வேலைகள்தான். அமெரிக்காவில் அப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஷரன் இனோய் என்ற மருத்துவரின் குழு, 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளை வைத்து 1999-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. நாளும் இடமும் எடுத்துச் சொல்வது, கண்ணாடியும் காது மெஷினும் போட்டுவிடுவது, தண்ணீர் கொடுப்பது, எழுப்பி நடக்க வைப்பது, ராத்திரி தூக்க மாத்திரைக்குப் பதில் சூடாகப் பால் கொடுத்து முதுகைத் தடவிவிடுவது போன்றவற்றைத்தான் செய்தார்கள். வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு வந்த டெலிரியம், இவர்களில் 9.9 சதவீதம் பேருக்குத்தான் வந்தது.

சந்தேகத்துக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதைத் தவறு செய்துதான் கற்றேன். "கப்பலாவது, மண்ணாவது, ஆஸ்பத்திரியில இருக்கீங்கம்மா" என்று வாதாடியபோது அவர் முகம் இறுகியது. அவரைப் பொறுத்தவரை நான் எதிரியோடு சேர்ந்துவிட்டேன். அதற்காக "ஆமா, ஏத்தத்தான் போறாங்க" என்று ஒத்துப்போவதும் கூடாது, பயம் இன்னும் வேர்விடும். "அம்மா, எனக்குக் கப்பல் தெரியல. நீங்க பயந்து போயிருக்கிறது தெரியுது. நான் எங்கயும் போகல, உங்கள விட்டுட்டுப் போக மாட்டேன்." இதை மெதுவாக, கையைத் தொட்டுக்கொண்டு, எத்தனை தடவை வேண்டுமானாலும் சொன்னேன். சோற்றில் விஷம் என்றபோது அதே தட்டிலிருந்து ஒரு வாய் நான் சாப்பிட்டுவிட்டு ஊட்டினேன். டொக்டரோடு அவர் கண் முன்னால் குசுகுசுவென்று பேசுவதை நிறுத்தினேன். ஒன்று அவர் காதுபடப் பேசினேன், அல்லது வெளியே போய்ப் பேசினேன். வீட்டிலிருந்து கண்ணாடி, அவருடைய கம்பளிச் சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம் வந்தன. உறவுக் கூட்டம் மொத்தமாக வந்து சூழாமல், நானும் தங்கச்சியும் மட்டும் முறை வைத்து இருந்தோம். மாமா ஒரு கயிறு மந்திரித்துக் கொண்டுவந்தார், கட்டினோம். தெரிந்த கை கட்டிய கயிறு அம்மாவுக்கு ஆறுதலாக இருந்தது. அதற்காக மருந்தை நிறுத்தாதவரை அதில் ஒரு கெடுதலும் இல்லை.

காரணத்துக்கு மருந்து போன மூன்றாம் நாள் காலைகள் தெளிந்தன. சாயங்காலங்கள் தெளிய இன்னும் பத்து நாள் ஆனது. சிலருக்கு வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். டெலிரியம் வந்தவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்பும் கூடுதல் என்பதால் கிளினிக்கை விடக் கூடாது. அந்த நாட்கள் எதுவும் அவர்களுக்கு ஞாபகம் இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். நியூயார்க்கில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் டெலிரியத்திலிருந்து மீண்டவர்களிடம் கேட்டுப் பார்த்தபோது, பாதிக்கும் சற்று அதிகமானோருக்கு அது நினைவிருந்தது. 2002-இல் வெளியான ஆய்வு அது. நினைவிருப்பவர்களுக்கு வெட்கமும் இருக்கும், அதனால் பலர் பேசமாட்டார்கள்.

அம்மாவும் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் வரை அதைப் பற்றிப் பேசவில்லை. ஒருநாள் வீட்டு முன் ஸ்தோப்பில் வெயில் காய்ந்துகொண்டிருந்தவர், "அந்த மிஸ்ஸ நான் ரொம்பத் திட்டிட்டனா?" என்று கேட்டார். திட்டியதையும், அந்தப் பெண் அதற்குப் பிறகும் வந்து "அம்மே, பய வென்ன எபா" (அம்மா, பயப்படாதீங்க) என்று கையைத் தடவியதையும் அப்படியே சொன்னேன். "அவளுக்கு நம்ம வீட்டு வாழைப்பழம் ஒரு சீப்பு கொண்டுபோய்க் குடு" என்றார்.

அடுத்த மாதம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஒருமுறை டெலிரியம் வந்தவருக்கு மறுபடியும் வரலாம். அதனால் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில், தமிழிலும் சிங்களத்திலும், எந்தத் தேதியில் எதனால் வந்தது, எத்தனை நாள் இருந்தது, கண்ணாடி இல்லாமல் எதுவும் தெரியாது, ராத்திரியில் மகள் கூட இருக்க வேண்டும் என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.