இரண்டாம் முறை திறந்தால் சரியாகிவிடும் கிராஷ்

சின்ன ஈ-ரீடர்களில் கம்பெனி மென்பொருளை எடுத்துவிட்டு ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேர் (கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) போட்டுக்கொள்பவர்கள் கூடிவருகிறார்கள். அப்படிப்பட்ட ஒன்றுக்கு வரும் பிழைப் புகார்களைப் பார்த்துத் திருத்துவது என் வேலையில் ஒரு பகுதி. அதிகம் வரும் புகார் இதுதான்: "புக் ஓப்பன் பண்ணா ஹேங் ஆகுது."

ஹேங் வேறு, கிராஷ் வேறு: முன்னதில் நிரல் உறைந்து நிற்கும், பின்னதில் செத்து விழும். ஈ-இங்க் திரையில் இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம். மின்சாரமே இல்லாவிட்டாலும் கடைசியாகக் காட்டியது அந்தத் திரையில் அப்படியே நிற்கும். உள்ளே நிரல் செத்து, சிப் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தாலும் பார்ப்பவருக்கு "திறக்கிறது..." என்ற எழுத்துதான் தெரியும். எனவே புகார் எழுதுமுன் அரை நிமிடம் காத்திருங்கள். தானாக முகப்புக்குத் திரும்பினால் அது கிராஷ். அப்போது அதே நூலை மறுபடி திறந்து பாருங்கள். மறுபடியும் விழுந்தால் பெரும்பாலும் கோப்பில் ஏதோ இருக்கிறது. இந்த முறை ஒழுங்காகத் திறந்தால் கோப்பின் மேல் பழி போடாதீர்கள். முதல் முறை நினைவகம் எந்த நிலையில் இருந்தது என்பதுதான் கேள்வி.

இந்த இரண்டாம் வகைதான் ஆளைச் சுற்றலில் விடும். ஒரு வாசகர் நல்ல தடயம் கொடுத்திருந்தார். மெமரி கார்டில் நேராகப் போட்ட நூல் திறக்கிறது. வைஃபையில் அனுப்பிவிட்டு உடனே திறந்தால் விழுகிறது. வழியில் கோப்பு கெட்டுப்போகிறது என்பது அவர் ஊகம். இரண்டு பிரதிகளையும் ஒப்பிட்டால் ஒரு பைட் கூட மாறவில்லை.

யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து, ஓடும்போது சிப் வரிவரியாக அனுப்பும் குறிப்புகளை (சீரியல் லாக்) பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. இதில் உள்ள இஎஸ்பி32-சி3 சிப் விழும்போது "குரு மெடிடேஷன் எரர்" என்று ஒரு வரி எழுதும் (1980-களின் அமிகா கணினியிலிருந்து வந்த பழைய கிண்டல் இது). அதன் கீழே ரெஜிஸ்டர்களின் (சிப்புக்குள் இருக்கும் குட்டி நினைவுப் பெட்டிகள்) மதிப்புகள் வரும். அவற்றில் எம்டிவால் என்பது, எந்த முகவரியைத் தொடப்போய் நிரல் செத்தது என்று சொல்லும். இங்கே அது 0, அதாவது இடம் கிடைக்காதபோது வரும் வெற்று முகவரி. நிரலின் ஏதோ ஒரு பகுதி நினைவகம் கேட்டிருக்கிறது, கிடைக்கவில்லை; கிடைத்ததா என்று பார்க்காமலே எழுதப் போயிருக்கிறது. எம்இபிசி என்ற இன்னொரு மதிப்பை (விழுந்தபோது ஓடிய கட்டளையின் முகவரி) அட்ர்2லைன் என்ற கணினி நிரலில் கொடுத்தால் சோர்ஸ் கோடின் வரி எண்ணே கிடைக்கும். ஆனால் ஈ-ரீடரில் இருக்கும் அதே பில்டின் எல்ஃப் கோப்பு (ஃபர்ம்வேரைக் கட்டும்போது கிடைக்கும் முழு நிரல் கோப்பு) வேண்டும். வெர்ஷன் எண்ணைப் புகாரில் எழுதச் சொல்லி நாங்கள் நச்சரிப்பது இதற்காகத்தான்.

அந்த வரி இருந்தது ஜிப் பிரிக்கும் பகுதியில். இபப் என்ற மின்நூல் வடிவமே ஒரு ஜிப் கோப்பு. அதைப் பிரிக்க, ஏற்கெனவே பிரித்த கடைசி 32 கேபியை (கிலோபைட்)க் கையில் வைத்துக்கொண்டே போக வேண்டும், அதுவும் ஒரே தொடர்ச்சியான துண்டாக. இந்தச் சிப்பில் மொத்த எஸ்ரேம் (நிரல் ஓடும்போது பயன்படுத்தும் நினைவகம்) 400 கேபி. 800க்கு 480 புள்ளித் திரையின் ஒரு கறுப்பு-வெள்ளைப் படத்துக்கு மட்டும் 48,000 பைட் போய்விடும். வைஃபை ஓடும்போது அது தன் பங்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ளும். நிறுத்தினாலும் அங்கங்கே சின்னச் சின்ன மிச்சங்களை விட்டுப்போகும். மொத்தக் காலியிடத்தைப் பார்த்தால் 32 கேபிக்குத் தாராளமாக இடமிருந்தது. ஆனால் எந்தத் துண்டும் தனியாக 32-ஐ எட்டவில்லை. பஸ்ஸில் பத்து சீட் காலியாக இருந்தும் மூன்று பேர் சேர்ந்து உட்கார இடமில்லாத கதைதான். காலி நினைவகத்தின் மொத்தத்தை மட்டும் லாகில் எழுதும் பழக்கத்தை விட்டுவிட்டு, இருப்பதிலேயே பெரிய துண்டு எவ்வளவு என்பதையும் எழுதுவது நல்லது.

திருத்தத்தின் முதல் பாதி எளிது. இடம் கிடைக்காவிட்டால் "இந்த நூலை இப்போது திறக்க முடியவில்லை" என்று காட்டிவிட்டு முகப்புக்குத் திரும்ப வேண்டும். ஆனால் அது கிராஷை மறுப்பாக மாற்றுகிறதே தவிர, நூல் திறக்காது. மறு பாதியில்தான் கருத்து வேறுபாடு வந்தது. 32 கேபியைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்துவிடலாம் என்பது ஒரு தரப்பு; அப்படிச் செய்தால் பக்கம் புரட்டும் நேரமெல்லாம் அது சும்மா கிடக்கும். வைஃபை திரையை விட்டு வெளியே வந்ததும் சிப்பையே ரீஸ்டார்ட் செய்துவிடலாம் என்பது இன்னொரு தரப்பு. பாடப்புத்தகப்படி இது அசிங்கமான வழி. எனக்கு இதுவே சரி. நினைவகம் சுத்தமாகத் தொடங்குகிறது. திரையில் பழைய படம் நிற்பதால் ரீஸ்டார்ட் ஆனதே வாசகருக்குத் தெரியாது.

கிராஷ்தானே, மறுபடி திறந்தால் போச்சு என்று விடுபவர்களுக்கு ஒரு செய்தி. தாக்குவதற்கென்றே தயாரிக்கப்பட்ட ஒரு மின்நூலைத் திறந்தாலே போதும், கிண்டில் முழுவதும் தாக்குபவரின் கைக்குப் போய்விடும் என்று 2021-இல் செக் பாயின்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிடிஎஃப்பில் உள்ள ஒருவகைப் படத்தைப் பிரிக்கும் பகுதியில் நினைவக எல்லையைச் சரியாகப் பார்க்காததுதான் வாசலாக இருந்தது. அமேசான் அதே ஆண்டு ஏப்ரலில் 5.13.5 பதிப்பில் அடைத்துவிட்டது. ஒரு மொழியில் இலவச நூல் வெளியிட்டு அந்த மொழி வாசகர்களை மட்டும் குறிவைக்கலாம் என்றும் அந்த ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். எங்கள் குட்டிக் கருவியிலும் வீட்டு வைஃபை கடவுச்சொல் இருக்கிறது.

தமிழ் நூல் படிப்பவர்களின் புகார் எங்களுக்குத் தனியாகத் தேவை. எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'க' 3 பைட், 'கொ' 6 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட்தான். ஆங்கில நாவல்களை வைத்து அளவெடுத்த பஃபர்கள் (தற்காலிகமாக எழுத்தை வைக்கும் நினைவக இடங்கள்) தமிழில் சீக்கிரம் நிறைந்துவிடும். முழு நூலையும் ஒரே அத்தியாயக் கோப்பாகத் திணித்த இபப்களும் நம்மிடம் புழங்குகின்றன.

விலைக்கு வாங்கிய நூலைப் புகாரோடு இணைக்காதீர்கள், உரிமைச் சிக்கல் வரும். விழுவது ஒரு குறிப்பிட்ட நூலில் மட்டும் என்றால், இபப்பின் நீட்சியை ஜிப் என்று மாற்றிப் பிரியுங்கள். அத்தியாயத்தில் உள்ள எழுத்துகளை, பைட் அளவு மாறாமல், வேறு தமிழ் எழுத்துகளால் நிரப்புங்கள். மறுபடி கட்டும்போது மைம்டைப் என்ற சின்னக் கோப்பு முதலாவதாக, சுருக்கப்படாமல் போக வேண்டும். அந்தக் கோப்பும் கருவியில் விழுகிறதா என்று பார்த்துவிட்டு அதை அனுப்புங்கள்.