நாற்காலி மறைந்த கார்ட்டூன்

வெள்ளையடிப்பதற்காகச் சுவரிலிருந்த படங்களைக் கழற்றினேன். ஜன்னலுக்கு எதிரே வருடக்கணக்கில் தொங்கிய கார்ட்டூன் ஒன்று. நாற்காலியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி ஒரு தலைவர் உட்கார்ந்திருப்பார். இப்போது பார்த்தால் மூக்கும் தொப்பையும் அப்படியே இருக்கின்றன, நாற்காலியைக் காணோம். மனிதர் வெறுங்காற்றைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

நடந்தது இதுதான். தலைவரை நிப்பில் இந்தியன் இங்க் தொட்டு வரைந்திருந்தேன். பத்திரிகைப் பக்கம் முடிக்கும் நேரம் நெருங்கியதால் நாற்காலியை மட்டும் கையில் கிடைத்த மார்க்கரால் முடித்துவிட்டேன். அந்த மார்க்கரில் ‘பர்மனென்ட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். மார்க்கரில் ‘பர்மனென்ட்’ என்றால் தண்ணீர் பட்டாலும் தேய்த்தாலும் போகாது என்று அர்த்தம். வெளிச்சத்தைப் பற்றி அந்த வார்த்தை ஒன்றும் சொல்வதில்லை. இப்படிப்பட்ட மார்க்கர்களில் பெரும்பாலும் இருப்பது சாயம். சாயம் திரவத்தில் முழுதாகக் கரைந்துவிடுவது. வெளிச்சம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துவிடும். பிக்மென்ட் என்ற நிறப்பொடி கரையாது, துகளாகவே மிதக்கும். இந்தியன் இங்க்கின் கறுப்பு வெறும் கரிதான், புகைக்கரி. கரியை வெயில் என்ன செய்யும்? வண்ணங்களில் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. சில சிவப்பும் மஞ்சளும் பிக்மென்டாக இருந்தும் வெளுக்கும். ‘லைட்ஃபாஸ்ட்’, அதாவது வெளிச்சத்தில் வெளுக்காதது என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

“அன்றைக்கு அச்சில் வந்தால் போதாதா சார்?” என்று இளைய கார்ட்டூனிஸ்டுகள் கேட்பார்கள். அச்சான பத்திரிகைத் தாளின் கதி தெரியுமே. மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் காரணமாகச் சில நாள் வெயிலிலேயே மஞ்சளாகிவிடும். ஸ்கேன் இருக்கிறதே என்றால், அவசரத்தில் 150 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 150 புள்ளியில் எடுத்த ஸ்கேனைப் பெரிதாக்கிப் பாருங்கள், கோடெல்லாம் படிக்கட்டாக நிற்கும். கோட்டுச் சித்திரத்துக்கு 600-க்குக் குறையக் கூடாது. கண்காட்சிக்கோ புத்தகத்துக்கோ கேட்டு வரும்போது கைகொடுப்பது அசல்தான்.

லேபிளை நம்பாமல் நானே சோதிக்கிறேன். கையிலிருக்கும் எல்லாப் பேனாவாலும் ஒரே தாளில் ஆளுக்கொரு கோடு. பக்கத்தில் பேனாவின் பெயர். தாளில் பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுவேன். ஒரு மாதம் கழித்து அட்டையை எடுத்தால் எந்தப் பேனா துரோகி என்று தெரிந்துவிடும். ஊதா ஃபெல்ட் பேனா ஒன்று அதற்கு முன்பே சாம்பல் நிறமாகிவிட்டது.

‘வாட்டர்ப்ரூஃப்’ என்பது இன்னொரு பொறி. ஷெல்லாக், அதாவது அரக்கு கலந்த இந்தியன் இங்க்கை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றினால், அது உள்ளேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். வெந்நீருக்கும் அசையாது. எனக்கு இரண்டு பேனா போனது. அந்த இங்க்குக்குத் தொட்டு வரையும் நிப்தான் சரி. அப்புறம், புது நிப் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். சோப்புப் போட்டுக் கழுவாமல் தொட்டால் இங்க் நிப்பில் ஒட்டாமல் உருண்டு சொட்டாக விழும். இங்க் மோசம் என்று பாட்டிலைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

செலோ டேப்பை மட்டும் அசலின் மேல் ஒட்டாதீர்கள். பிளாஸ்டிக் உரிந்து போகும், பசை பழுப்புக் கறையாகத் தாளுக்குள் இறங்கிவிடும். அதை எடுப்பது பெரும்பாடு.

அந்தத் தலைவருக்கு மறுபடி நாற்காலி போட்டுக் கொடுக்கலாமா என்று பிக்மென்ட் பேனாவைக் கையில் எடுத்தேன். இப்போது இருப்பதுதான் நல்ல கார்ட்டூன் என்று பட்டது. தேதியை மட்டும் கீழே எழுதி உறையில் போட்டுவிட்டேன்.