பென்சில் கையெழுத்தைப் பார்த்து மயங்காதீர்கள்

போன வாரமும் ஒருவர் ஃபிரேம் போட்ட, ஓவியர் ஷகாலின் படம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கையெழுத்திட்ட ஒரிஜினல் லித்தோகிராஃப் (ஓவியர் கல்லிலோ தகட்டிலோ வரைந்து எடுக்கும் அச்சு) என்று நம்பி, சேமிப்பில் பெரும்பகுதியைக் கொடுத்து இணையத்தில் வாங்கியிருக்கிறார். படத்தின் நட்டநடுவில் மேலிருந்து கீழாக ஒரு மடிப்பு, அதே மடிப்பில் தையல் நூல் போன இரண்டு சின்ன ஓட்டைகள். கழற்றிப் பார்த்தால் பின்பக்கம் பிரெஞ்சில் அச்சிட்ட வரிகள். வலது மூலையில் பளிச்சென்று பென்சிலில் ஷகாலின் பெயர். பாரிஸில் பழைய கலைப் புத்தகம் வாங்கி விற்பதுதான் என் தொழில் என்பதால் அது எங்கிருந்து வந்த தாள் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இப்படி எத்தனை பேருக்குத்தான் சொல்வது?

பாரிஸின் மாக் கேலரி என்ற ஓவியக்கூடம் 1946 முதல் 1982 வரை ‘தெரியேர் ல மிர்வார்’ என்று ஓர் இதழ் நடத்தியது, அவர் கொண்டு வந்தது அதிலிருந்து உருவிய தாள்தான். மொத்தம் 253 எண்கள். ஷகால், மீரோ, பிராக், ஜாக்கொமெத்தி, கால்டர் என்று யாருடைய கண்காட்சி நடக்கிறதோ அந்தக் கண்காட்சிக்கான கேட்டலாக்காகவே பெரும்பாலான இதழ்கள் வந்தன. இதழின் அளவு 38க்கு 28 சென்டிமீட்டர்தான், ஆகவே பெரிய படம் என்றால் மடித்துத்தான் வைக்க முடியும். மடிப்பு குறை இல்லை, அந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள், எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஓவியர் அந்த இதழுக்கென்றே வரைந்து அச்சான லித்தோகிராஃப் அசல்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அசல் என்பதால் அது அபூர்வம் ஆகிவிடாது, ஓவியர் கையெழுத்துப் போட்டார் என்றும் ஆகிவிடாது. சாதாரண இதழ்கள் ஆயிரக்கணக்கில் அச்சாகிக் கடைக்கு வந்தவை, உள்ளே இருக்கும் லித்தோகிராஃப்களில் கையெழுத்து கிடையாது. சில எண்களுக்கு நல்ல தாளில் 150 பிரதிகள் மட்டும் எண் போட்டுத் தனியாக வந்தன, அந்தக் கதை வேறு. அப்படி ஒரு பிரதியை விற்கிறேன் என்பவர் பிரதி எண் அச்சிட்ட பக்கத்தைக் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால் அந்தப் பென்சில் கோட்டுக்கு ஒரு யூரோகூட அதிகம் கொடுக்காதீர்கள். கையெழுத்து இல்லாத தாள் நேர்மையான தாள், அதில் யாரோ பிற்பாடு பெயர் எழுதினால் அது பாழான தாள்.

இன்னொன்று: அதே இதழுக்குள்ளேயே லித்தோகிராஃபும் இருக்கும், படம் பிடித்து இயந்திரத்தில் அச்சிட்ட சாதாரண ஆஃப்செட் படமும் இருக்கும். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை குறைவுதான். வரிசை பிசகாத புள்ளிகள் சின்னச் சின்னப் பூப்போலத் தெரிந்தால் ஆஃப்செட். கிரேயான் தேய்த்தது போல ஒழுங்கில்லாத மணிமணியான பரப்பு என்றால் லித்தோகிராஃபாக இருக்க வாய்ப்பு அதிகம். வாங்கும்போது முழு இதழாக வாங்குங்கள், எத்தனை படம் இருக்க வேண்டும் என்று முதலில் தெரிந்துகொண்டு ஒவ்வொன்றாக எண்ணுங்கள். தாளை உருவிவிட்டு மிச்சத்தை ‘நல்ல நிலை’ என்று விற்பவர்கள் நிறைய.

படத்துக்காக இல்லாமல் படிப்பதற்காக கேட்டலாக் தேடுகிறவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. அவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. பிரெஞ்சு ஓவியர் தெகாவின் அச்சுப்படங்களுக்கு 1984இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் வெளியிட்ட கண்காட்சி கேட்டலாக்தான் இன்றைக்கும் ஏலக்காரர்கள் எந்தப் படம் என்று காட்ட எண் சொல்லும் ஆதாரம். லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஓவியர் மேரி கஸாட் நிற்கும் அந்த எட்சிங்கை (உலோகத் தகட்டை அரித்து எடுக்கும் அச்சு) தெகா இருபது தடவைக்குக் குறையாமல் மாற்றி மாற்றிச் செதுக்கியதை அதில் நிலை நிலையாகப் பார்க்கலாம். ஆனால் அவருடைய மோனோடைப் (தகட்டில் மையால் வரைந்து ஓரிரு பிரதி மட்டும் எடுக்கும் அச்சு) தேடுகிறவர்கள் அதை வாங்கிவிட்டு ஏமாறுகிறார்கள், அதற்கான பட்டியல் 1968இல் ஹார்வர்டின் ஃபாக் அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சியின் கேட்டலாக்கில் இருக்கிறது. பல ஓவியர்களின் அச்சுப்படங்களைப் பட்டியலிட்டு லொயிஸ் தெல்தெய் 1906 முதல் வெளியிட்ட தொகுதிகள் வேண்டும் என்றால், நியூயார்க்கில் 1969இல் வந்த மறுபதிப்பும் சந்தையில் உலவுகிறது என்பதை மறக்காதீர்கள். பழைய பதிப்பைப் படம் பிடித்து அச்சிட்டது அது, உள்பக்கப் புகைப்படம் ஒன்றை மட்டும் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அட்டை, முதுகு, தாளின் நிறம் எல்லாவற்றுக்கும் படம் கேளுங்கள், அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

பணம் கட்டும் முன் இலவசமாகக் கிடைக்கிறதா என்றும் பாருங்கள், தயவுசெய்து. ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுகள் பிரெஞ்சு அச்சுக்கலையை எப்படி மாற்றின என்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 1974இல் போட்ட கேட்டலாக்கை அவர்கள் தளத்திலேயே முழுசாக இறக்கிக்கொள்ளலாம். அதற்குப் போய் தபால் செலவும் சேர்த்து அழுகிறார்கள்.

அப்புறம் ஈரம். எழுபதுகள், எண்பதுகளின் கேட்டலாக் பலவும் வழுவழுப்பான பூச்சுத் தாளில் அச்சானவை. ஒருமுறை நனைந்து காய்ந்தால் பக்கங்கள் பலகை மாதிரி ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் மைதான் உரிந்து வரும், எந்த நிபுணராலும் சரிசெய்ய முடியாது. ‘ஈரம் பட்ட தடம் உண்டா, எல்லாப் பக்கமும் பிரிகிறதா’ என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பார்சல் வந்த அன்றைக்கே முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டிப் பாருங்கள், ஒட்டியிருந்தால் பிரிக்க முயலாமல் படம் எடுத்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.